அரிசி நீர்மமா?

திண்மத்திற்குத் தனி உருவம் உண்டு; நீர்மம் தான் இருக்கும் கலத்தின் உருவத்தைப் பெறும். தொடக்கப்பள்ளியில் நாம் எல்லோரும் நெட்டுருப் போட்ட பாடம் இது. இதைப் படித்த ஒரு சிறுமி, "அரிசியைச் செம்பில் கொட்டினால் செம்பின் உருவத்தைப் பெறுகிறதே, அதுவும் நீர்மம்தானே?" என்று கேட்டால் நீங்கள் என்ன விடை சொல்வீர்கள்?

"தவறு" என்று அடக்கிவிடாதீர்கள். அவள் பாடத்தைச் சரியாகவே பயன்படுத்தியிருக்கிறாள். குறை நாம் கற்பித்த வரையறையில்தான் இருக்கிறது.

படி தரும் பாடம்

அவளிடம் ஒரு படியைக் கொடுங்கள். அரிசியை விளிம்புவரை நிரப்பி, மேலும் கொட்டச் சொல்லுங்கள். அரிசி கோபுரமாகக் குவிந்து நிற்கும். அதனால்தான் அரிசி அளப்பவர்கள் தலைதட்டி அளக்கிறார்கள். அடுத்து, அதே படியில் நீரை ஊற்றட்டும். விளிம்பைத் தாண்டி மயிரிழை அளவு மேலெழும். அது பரப்பு இழுவிசையின் வேலை. அதன்பின் வழிந்துவிடும். நீருக்குத் தலைதட்ட வேண்டியதில்லை. தன் மட்டத்தைத் தானே தேடிக்கொள்ளும்.

காரைக்குடியை அடுத்த கோவிலூர்ப் பக்கத்தில் ஊருணியைத் தூர் வாரினால் இதையே பெரிய அளவில் காணலாம். அள்ளிய மண் கரையில் குன்றாக நிற்கும். மழை பெய்தபின் உள்ளே தேங்கும் நீரோ சமதளமாகக் கிடக்கும்.

காரணம் என்ன? ஒவ்வோர் அரிசியும் தன் உருவம் மாறாத ஒரு திண்மம். மணிகள் ஒன்றோடொன்று உராய்வதால் ஓரளவு சரிவு வரை குவியல் நிலைத்து நிற்கிறது. உலர்ந்த மணலில் இச்சரிவு ஏறத்தாழ 30 முதல் 35 பாகை. நீரின் மூலக்கூறுகளோ ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிச் செல்கின்றன. பக்கவாட்டில் தள்ளும் விசை எவ்வளவு சிறிதாயினும், அதை எதிர்த்து அசையாமல் நிற்க நீர்மத்தால் இயலாது.

திண்மம்போல் தோன்றும் நீர்மம்

இதற்கு நேர்மாறான பொருளும் உண்டு. தார் இனத்தைச் சேர்ந்த கீல், சுத்தியலால் அடித்தால் கண்ணாடிபோல் நொறுங்கும். 1927-இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் தாமஸ் பார்னெல் என்னும் இயற்பியல் பேராசிரியர், கீலை உருக்கி ஒரு புனலில் ஊற்றினார். அது இறுகிப் படிய மூன்றாண்டுகள் விட்டு, 1930-இல் புனலின் அடியைத் திறந்தார். 2014 வரை விழுந்தவை 9 சொட்டுகளே! கீலின் பாகுநிலை நீரினுடையதைப்போல் 20,000 கோடி மடங்குக்கும் மேல். ஆயினும் அது ஒழுகுகிறது, ஆகவே நீர்மம்தான்.

ஆகவே, "ஊற்ற முடிகிறதா?" என்பது போதுமான சோதனை ஆகாது. "குவித்தால் நிற்குமா, மட்டம் தேடுமா?" என்று கேட்பதே பொருத்தம். கீலைப்போல் காத்திருக்க வேண்டிய பொருள்களும் உண்டு என்பதை மட்டும் நினைவிற் கொள்ளுங்கள்.

சர்க்கரை, உப்பு, நல்லெண்ணெய், தேன் ஆகியவற்றைத் தட்டுகளில் வைத்துக் குழந்தைகளையே பிரிக்கச் சொல்லுங்கள். தேன் மெல்லப் பரவும்வரை அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கட்டும். சர்க்கரையில் ஒரே ஒரு மணியை எடுத்து உருப்பெருக்கி வழியே காட்டுங்கள். வரையறையைக் கடைசியில் சொல்லலாம். இட்லி மாவு எந்த வகை என்று யாராவது கேட்டால் மகிழுங்கள். திண்மத் துகள்கள் நீரில் கலந்த கலவை அது. அடுத்த பாடம் அங்கே தொடங்குகிறது.