மார்கழிக் குளிரும் மோட்டார் வண்டியும்

மார்கழி மாதத்து விடியற்காலையின் அழகை உத்தரமேரூர்ப் பக்கத்துக் கிராமவாசிகளுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஏரிக்கரையில் வெண்பனி படர்ந்திருக்கும். வாசல்தோறும் கோலமும், அதன் நடுவே பூசணிப் பூவும் விளங்கும். இத்தனை இனிமைக்கும் இடையே ஏதாவது ஒரு வீட்டுக் கொட்டகையிலிருந்து வேறோர் ஓசையும் எழும். "ஊம்... ஊம்... ஊ...ம்" என்று முனகிவிட்டு மோட்டார் வண்டி மௌன விரதம் பூண்டுவிடும். சொந்தக்காரர் மறுபடியும் சாவியைத் திருப்புவார். அது மறுபடியும் முனகும். மூன்றாந் தடவை முனகல்கூட இராது.

"எல்லாம் குளிர் ஐயா, குளிர்! வண்டிக்கு ஜலதோஷம்!" என்று அண்டை வீட்டுக்காரர் தீர்ப்புச் சொல்லிவிடுவார்.

இந்தத் தீர்ப்பு பாதிதான் சரி. நமது ஊர்க் குளிர் எம்மாத்திரம்? உதகமண்டலத்தில் இதே மாதங்களில் புல்வெளி உறைபனியால் வெளுத்து, உஷ்ணமானி பூஜ்யத்தை எட்டிப் பார்க்கும் நாட்கள் உண்டு. அங்கேயும் வண்டிகள் கிளம்பிக்கொண்டுதான் இருக்கின்றன. உதகையில் ஓடுகிற வண்டி உத்தரமேரூரில் படுத்துக்கொள்வானேன்? ஆகையால் நம் பக்கத்துக் குளிரைக் குற்றவாளியாகக் கருதுவதைவிட, வண்டிக்குள் முன்பே குடிகொண்டிருந்த பலவீனத்தைக் காட்டிக் கொடுக்கும் சாட்சியாகக் கருதுவதே நியாயம்.

இது வெறும் வேடிக்கை விஷயமும் அன்று. உத்தரமேரூருக்கு ரயில் கிடையாது. செங்கற்பட்டோ காஞ்சீபுரமோ போய்ச் சேர வேண்டுமானால் சாலை வழிதான் கதி. நடுநிசியில் ஒருவருக்கு மார்வலி கண்டால், செங்கற்பட்டு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குச் சுமார் 30 கிலோ மீட்டர் போயாக வேண்டும். அவ்வேளையில் வண்டியோடு மல்லுக்கு நிற்பது தகாது. ஒரு முறை முயன்று கிளம்பாவிட்டால், உடனே 108-ஐ அழைப்பதே புத்திசாலித்தனம். வண்டியின் வைத்தியத்தைப் பொழுது விடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

குளிர் என்னதான் செய்கிறது? மூன்று காரியங்கள் செய்கிறது. முதலாவது, எஞ்சின் எண்ணெயைக் கெட்டியாக்குகிறது. நெய் உறைவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். இரண்டாவது, பாட்டரிக்குள் நடைபெறும் ரசாயன மாறுதலை மந்தப்படுத்துகிறது. நீர் உறையும் குளிரில் பாட்டரியின் தள்ளு சக்தி மூன்றில் ஒரு பங்கு வரை குறைந்துபோகும். மூன்றாவது, பெட்ரோலை எளிதில் ஆவியாக விடாமல் தடுக்கிறது. ஆவியானால்தான் அது தீப்பற்றும். ஆகவே, சுமை கூடுகிற சமயம் பார்த்துச் சுமப்பவனின் பலம் குறைகிறது. நல்ல பாட்டரி இதைத் தாங்கும். கிழப் பாட்டரி தாங்காது.

அந்தப் பாட்டரியைக் கிழமாக்கியது யார் என்று கேட்டால், விடை விசித்திரமாயிருக்கும். மார்கழி அன்று, சித்திரையும் வைகாசியுமே! கத்திரி வெயிலின் உஷ்ணம் பாட்டரியின் நீரை வற்றச் செய்து, உள்ளிருக்கும் ஈயத் தகடுகளை அரிக்கிறது. வெயிலில் பட்ட காயம் பனியில்தான் வெளியே தெரிகிறது.

நம் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919-லும் 921-லும் பொறித்த குடவோலைச் சாஸனங்களை அறியாதார் இல்லை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடியும் நிற்கலாகாது என்பது அவற்றில் கண்ட விதிகளுள் ஒன்று. மோட்டார் வண்டியிலும் முதலில் கணக்குக் கேட்க வேண்டியது பாட்டரியிடந்தான். வோல்ட் மானி வைத்துப் பார்த்தால், இரவு முழுதும் ஓய்ந்திருந்த 12 வோல்ட் பாட்டரி சுமார் 12.6 காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதிச் சொத்து கரைந்துவிட்டது. 12-க்குக் கீழே போனால் இன்ஸால்வென்ஸிதான்! எஞ்சின் ஓடும்போது ஏறக்குறைய 14 காட்டாவிட்டால், பாட்டரிக்கு மின்சாரம் ஊட்டும் ஆல்டர்னேட்டரையும் விசாரிக்க வேண்டும்.

மானி கையில் இல்லாதவர்கள் காதைத் தீட்டிக்கொண்டால் போதும். வண்டி எழுப்பும் ஓசையே நோயைச் சொல்லிவிடும்.

மெதுவாக முனகினாலும், "டக டக டக" என்று படபடத்தாலும் பாட்டரி சோர்ந்திருக்கிறது. அல்லது அதன் முனைகளில் பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பூத்திருக்கிறது. கருப்புக் கம்பியை முதலில் கழற்றி, சமையல் சோடா கலந்த நீரால் முனைகளைக் கழுவித் துடைத்து, வாஸலின் தடவி, கருப்புக் கம்பியைக் கடைசியில் பூட்ட வேண்டும். கை மோதிரத்தையும் வளையலையும் கழற்றி வைத்துவிட்டே இதில் இறங்குக.

"டக்" என்று ஒரே ஒரு சப்தம் கேட்டு அடங்கினால், முன் விளக்கைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பிப் பாருங்கள். விளக்கு அணையும் நிலைக்கு மங்கினால் பாட்டரியையோ முனைகளையோ சந்தேகிக்க வேண்டும். விளக்கு மங்காமல் எரிந்தும் எஞ்சின் அசையாவிட்டால் பெரும்பாலும் ஸெல்ப் மோட்டாரிடந்தான் கோளாறு.

எஞ்சின் சுறுசுறுப்பாகச் சுழன்றும் பற்றிக்கொள்ளாவிட்டால் பாட்டரி நிரபராதி. பெட்ரோல் வருகிறதா, தீப்பொறி விழுகிறதா என்ற இரண்டே கேள்விகள். சாவியை முதற் கட்டத்துக்குத் திருப்பியதும் பின்புறமிருந்து பம்ப் இரண்டொரு விநாடி மெல்ல இரைவது பல வண்டிகளில் கேட்கும். தேய்ந்த ஸ்பார்க் பிளக்கும், பழைய வண்டிகளில் பனி ஈரம் ஊறிய பிளக் ஒயர்களும் பொறியைக் கெடுக்கும். ஒயர்களை உலர்ந்த துணியால் துடைத்தாலே சில வண்டிகள் சமாதானமாகிவிடும். அம்பாஸிடர் போன்ற கார்புரேட்டர் வண்டிகளில் சோக்கை இழுத்துப் பெட்ரோலை அதிகப்படுத்துவோம். புதிய வண்டிகளில் எஞ்சினின் குளிர்ச்சியை ஒரு சிறு கருவி அளந்து சொல்ல, அதற்கேற்பப் பெட்ரோல் பீச்சப்படுகிறது. அக்கருவி பொய் சொன்னாலும் வண்டி கிளம்பாது. டீஸல் வண்டியானால், சாவியைத் திருப்பியதும் எரியும் சுருள் விளக்கு அணையும் வரை பொறுத்திருக்க வேண்டும். ஹீட்டர் பிளக்குகள் பழுதாகியிருந்தாலும் விடியற்காலையில் தகராறுதான்.

எந்நோயானாலும் ஒரே மூச்சில் 10 விநாடிக்கு மேல் ஸெல்பை இயக்கலாகாது. அரை நிமிஷமாவது ஓய்வு கொடுத்தே மறுபடி முயல வேண்டும்.

வேறொரு வண்டியின் பாட்டரியிலிருந்து உயிர் கொடுப்பதானால் இரண்டும் 12 வோல்ட்டாக இருக்கட்டும். சிவப்புக் கம்பியைச் சோர்ந்த பாட்டரியின் கூட்டல் முனையிலும், பிறகு நல்ல பாட்டரியின் கூட்டல் முனையிலும் பூட்டுக. கருப்புக் கம்பியை நல்ல பாட்டரியின் கழித்தல் முனையில் பூட்டி, மறு நுனியைச் சோர்ந்த வண்டியின் எஞ்சினில், பாட்டரிக்குத் தூரமாக, பெயிண்ட் இல்லாத இரும்பில் பூட்டுக. பாட்டரியிலிருந்து கிளம்பும் ஹைட்ரஜன் வாயு பொறி பட்டால் வெடிக்கும் என்பதே இந்த ஏற்பாட்டின் காரணம். வண்டியைத் தள்ளிக் கிளப்புவது கையால் கியர் போடும் வண்டிகளுக்கு மட்டுமே ஆகும். எஞ்சின் பற்றும் வரை பிரேக்கும் ஸ்டியரிங்கும் கனத்துக் கிடக்கும் என்பதை மறவாதீர்கள். எல்லாவற்றிலும் முக்கியமாக, பனிக்குப் பயந்து கதவை அடைத்த கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிடாதீர்கள். புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு நிறமும் மணமும் இன்றி உயிரைக் குடிக்கும்.

நம்முடைய சிரமத்தைப் பாட்டனார் காலத்துச் சிரமத்தோடு ஒப்பிட்டால் சற்று ஆறுதல் பிறக்கும். 1912-ல் அமெரிக்காவின் காடிலாக் வண்டியில் கெட்டரிங் என்பவரின் மின்சார ஸ்டார்ட்டர் வரும் வரை, இரும்பு ஹாண்டிலைக் கையால் சுற்றித்தான் வண்டிகளைக் கிளப்பினார்கள். ஹாண்டில் திருப்பி அடித்துக் கை முறிந்தவர்கள் உண்டு. இரண்டாவது மகாயுத்தத்தின்போது பெட்ரோல் பஞ்சத்தால் நம் மாகாணத்துப் பஸ்கள் கரி வாயுவில் ஓடின. மதுரை டி. வி. எஸ். நிறுவனத்தார் அதற்கான யந்திரங்களைச் செய்து தந்தார்கள். அந்த பஸ் கிளம்ப வேண்டுமானால் முதலில் அடுப்பு மூட்டிக் கரியைக் கனல வைக்க வேண்டும். பிரயாணிகள் பொறுமையாகக் காத்திருந்தார்கள்.

நமக்கோ அத்தனை பொறுமை வேண்டாம். கொஞ்சம் முன்யோசனை போதும். ஐப்பசி அடைமழை ஓய்ந்து கார்த்திகை பிறந்ததும் பாட்டரியைச் சோதித்துவிடுங்கள். மூடி திறக்கும் பாட்டரியானால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் விடுங்கள். கிணற்று நீர் கூடாது. மூன்று நான்கு வருஷம் உழைத்த பாட்டரிக்கு மரியாதையாக விடை கொடுங்கள். கடைத்தெருவுக்குப் போய் ஐந்து நிமிஷத்தில் திரும்பினால் கிளப்பச் செலவான மின்சாரம்கூடத் திரும்பி வராது. வாரத்தில் ஒரு நாளாவது அரைமணி நேரம் வண்டியை ஓட்டுங்கள். கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் மட்டும் வெளியே வரும் வண்டி, ஆபத்து வேளையில் கைகொடுக்கும் என்று எதிர்பார்ப்பது அநியாயமல்லவா?