பூங்குழலிக்கு ஜோடி யார்? நாவலில் "துப்பு" துலக்கும் ரசிகர்கள்!

கொலை இல்லை, கொள்ளை இல்லை. ஆனாலும் 70 ஆண்டாக ஒரு வழக்கு முடியவே இல்லை!

கோடிக்கரை ஓடக்காரப் பெண் பூங்குழலிக்கு ஏற்ற ஜோடி யார்? இதுதான் வழக்கு.

1950 முதல் 1954 வரை "கல்கி" வார இதழில் தொடர்கதையாக வந்தது "பொன்னியின் செல்வன்". பூங்குழலிக்கும் அத்தை மகன் சேந்தன் அமுதனுக்கும் கல்யாணம் என்று முடித்தார் ஆசிரியர் கல்கி. இளவரசர் அருள்மொழிவர்மருக்கு வானதி.

"அதெப்படி?" என்று சீறுகிறது ஒரு கோஷ்டி. நாவலையே சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறது.

புயலில் தத்தளித்த இளவரசரை ஓடத்தில் ஏற்றியது யார்? காய்ச்சலில் கிடந்தவரை நாகப்பட்டினம் புத்த விகாரத்தில் சேர்த்தது யார்? அவளை "சமுத்திரகுமாரி" என்று இளவரசர் அழைத்தாரே, அது வெறும் நன்றியா?

எதிர்க்கோஷ்டியும் லேசுப்பட்டது அல்ல. அன்று ஓடத்தில் வந்தியத்தேவனும்தானே ஏறினான்? அவனும் ஜோடியா? விகாரத்துக்குப் போன படகில் சேந்தன் அமுதனும் இருந்தானே, அது கணக்கில் வராதா?

ஒரே பக்கம், இரண்டு கட்சிக்கும் சாட்சி! கோர்ட்டில் நிற்காது. ஆனால் கேட்கச் சுவைதான்.

குந்தவை - வந்தியத்தேவன் ஜோடிக்கு இந்தக் கஷ்டம் இல்லை. குந்தவை வந்தியத்தேவரின் தேவி என்று தஞ்சை பெரிய கோவில் கல்வெட்டே சொல்கிறது. பூங்குழலி கற்பனைப் பெண். அவளுக்கு ஏது கல்வெட்டு?

கதை முடிந்ததும் வாசகர்களின் கேள்விகளுக்கு முடிவுரையில் பதில் எழுதிய கல்கி, அதே 1954 டிசம்பர் 5-ல் காலமாகி விட்டார். அப்பீல் செய்ய ஆள் இல்லை.