தலைப்பாகையைக் கழற்றாமலே ஒரு சல்யூட்

தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். கங்காணி, கிராணி, துரை என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருபவர்கள் நடுவில் ஒருவரைத் தவறாமல் சேர்த்துக்கொள்வார்கள்: ஜாகா. தலையில் தலைப்பாகை, நெஞ்சு வரை தாடி, கையில் தடி, பக்கத்தில் கயிற்றுக் கட்டில். நெகிரி செம்பிலானின் லாபு, ரந்தாவ், பகாவ் பக்கத்துத் தோட்டங்களில் ரப்பர் கொட்டகைக்கும் கிடங்குக்கும் இரவுக் காவல் என்றால் பல இடங்களில் அது ஒரு சீக்கியர்தான். கல்கத்தாவில் கப்பலேறி வந்ததால் மலாய்க்காரர்கள் அவர்களைப் 'பெங்காலி' என்றே அழைத்தார்கள்.

எவ்வளவு வெயில் அடித்தாலும் அந்தத் தலைப்பாகை இறங்காது. சிறுவர்கள் நாம் வேடிக்கை பார்த்தோம். அதைக் கழற்றச் சொன்னதற்காக வேலையையே உதறியவர்களும், நீதிமன்றம் வரை போனவர்களும் உலகில் உண்டு என்பது பின்னால்தான் நமக்குத் தெரிந்தது.

ஏன் கழற்ற முடியாது?

1699ஆம் ஆண்டு வைசாகி நாளில் அனந்த்பூரில் குரு கோவிந்த் சிங் கால்சா அமைப்பைத் தொடங்கினார். அதில் சேர்ந்தவர்கள் ஐந்து அடையாளங்களைக் காக்க வேண்டும்: வெட்டாத முடி, சீப்பு, இரும்பு வளையம், சிறு வாள், அரைக்கால் உடை. வெட்டாத முடியைக் காப்பதுதான் தலைப்பாகை.

நம் வீடுகளிலும் முருகனுக்கு வேண்டிக்கொண்டு முடி வளர்ப்போம். மாலை போட்டால் சவரம் செய்ய மாட்டோம். தைப்பூசம் முடிந்ததும், மலைக்குப் போய் வந்ததும் விரதம் நிறைவடையும். கால்சா சீக்கியருக்கு இந்த விரதம் ஆயுளுக்கும் தொடரும்.

நம் மண்ணில் தடையே இல்லை

சீக்கியர் இந்த நாட்டுக்கு வந்ததே சீருடையில்தான். 1873இல் கேப்டன் ஸ்பீடி லாருட் சுரங்கப் பகுதிச் சண்டைகளை அடக்க இந்தியாவிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களைத் திரட்டி வந்தார். அவர்களில் சீக்கியரும் இருந்தார்கள். அந்தப் படை வளர்ந்து பேராக் சீக்கியர் படையானது. 1896இல் பேராக், சிலாங்கூர், பகாங், நெகிரி செம்பிலான் நான்கும் ஒரே கூட்டரசானபோது, அதன் ராணுவமாக 'மலாய் ஸ்டேட்ஸ் கைட்ஸ்' உருவானது. தைப்பிங்கைத் தலைமையகமாகக் கொண்ட அந்தப் படையில் சீக்கியரே பெரும்பாலோர். முதல் உலகப் போரில் ஏடன் வரை சென்று போரிட்ட அது 1919இல் கலைக்கப்பட்டது.

1942 புத்தாண்டை ஒட்டிய நாட்களில், கம்பார் போரில், ஜப்பானியரிடம் இழந்த மேட்டைப் பிடிக்கத் துப்பாக்கி முனையில் கத்தி பொருத்தி ஏறியதும் ஒரு சீக்கியப் பிரிவுதான். அதே ஆண்டு மோகன் சிங் என்ற சீக்கிய அதிகாரி இந்திய தேசிய ராணுவத்தைத் தொடங்கினார். பின்னர் நேதாஜியின் அழைப்பில் மலாயாத் தோட்டங்களிலிருந்து நம் ஆட்களும் அதில் சேர்ந்தார்கள். நம் தாத்தாவும் தலைப்பாகைக்காரரும் ஒரே அணியில் நின்ற காலம் அது.

அந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது. மலேசியப் போலீசிலும் ராணுவத்திலும் சீக்கியர் தலைப்பாகையோடு பணிபுரிகிறார்கள். 2018இல் முன்னாள் பிரதமருடன் தொடர்புடைய வீடுகளில் கைப்பற்றிய நகைகளையும் பணத்தையும் நாடே பார்க்கப் பட்டியலிட்ட வணிகக் குற்றப் பிரிவுத் தலைவர் அமார் சிங் நினைவிருக்கிறதா? அவர் தலையிலும் தலைப்பாகைதான். மோட்டார் சைக்கிள் ஓட்டும்போது தலைக்கவசம் அணிவதிலிருந்தும் தலைப்பாகை அணிந்த சீக்கியருக்கு இங்கே விதிவிலக்கு உண்டு.

மலேசியாவில் பிறந்தவர், கனடாவில் போராடினார்

மலேசியாவில் நாம் சாதாரணமாகப் பார்க்கும் காட்சிக்காகக் கனடாவில் ஒருவர் நாட்டையே எதிர்கொள்ள வேண்டியிருந்தது. அவர் மலேசியாவில் பிறந்தவர்: பல்தேஜ் சிங் தில்லான். 1983இல், 16 வயதில் குடும்பத்தோடு கனடாவுக்குப் போனார். போலீஸ் ஆக ஆசைப்பட்டு, அந்நாட்டின் புகழ்பெற்ற குதிரைப்படைப் போலீசுக்கு விண்ணப்பித்தார். தகுதிகள் எல்லாம் இருந்தன. ஆனால் விதி குறுக்கே நின்றது: தாடி கூடாது, அகன்ற விளிம்புத் தொப்பி அணிந்தே ஆக வேண்டும்.

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது தில்லான் மதத்தை விடவில்லை, வேலையையும் விடவில்லை. விதியை மாற்றக் கேட்டார். எதிர்த்து லட்சக்கணக்கில் கையெழுத்து திரட்டினார்கள். அவரைக் கேலி செய்யும் சட்டைப் பொத்தான்களும் நாட்காட்டிகளும்கூட விற்பனைக்கு வந்தன. 1990 மார்ச் 15 அன்று கனடா அரசு தடையை நீக்கியது. மறு ஆண்டு அவர் பயிற்சி முடித்து, தலைப்பாகை அணிந்த முதல் குதிரைப்படைப் போலீஸ்காரரானார். 329 பேரைப் பலிகொண்ட 1985 ஏர் இந்தியா குண்டுவெடிப்பு விசாரணையிலும் பணியாற்றினார். அதே நாடு 2025இல் அவரை செனட்டராக அமர்த்தியது.

முகமூடியும் தாடியும்

அமெரிக்காவின் கதை வேறு. அங்கே ராணுவத்தில் இருந்த சலுகை 1981இல் நிறுத்தப்பட்டது. ஏற்கெனவே இருந்தவர்கள் தொடரலாம், புதியவர்கள் மழித்துக்கொண்டுதான் வரவேண்டும்.

சிம்ரத்பால் சிங் என்ற இளைஞர் 2006இல் புகழ்பெற்ற வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் சேர்ந்தபோது இந்த விதி அவர் முன் நின்றது. முடியை வெட்டினார், தாடியை மழித்தார். ஆப்கானிஸ்தானில் சாலையோரக் குண்டுகளை அகற்றும் பிரிவை வழிநடத்தி வெண்கல நட்சத்திரப் பதக்கம் வாங்கினார். ஆனாலும் அன்று கண்ணாடியில் பார்த்த முகம் அவரை விடவில்லை. மீண்டும் முடி வளர்த்து, தலைப்பாகை கட்டி, ராணுவத்தின் மீதே வழக்குத் தொடுத்து, 2016இல் அனுமதி பெற்றார்.

ராணுவம் சொன்ன காரணம் வெறும் பிடிவாதம் அல்ல. விஷவாயு முகமூடி முகத்தோடு ஒட்டி மூட வேண்டும், தாடி இருந்தால் காற்று புகும் என்றது. தலைக்கவசம் சரியாகப் பொருந்தாது என்றது. நியாயமான கவலைதான். ஆனால் அவருக்கு முன்பே, 2009 முதல் தனி அனுமதி பெற்ற மருத்துவர் கமல்ஜீத் சிங் கல்சி, பல் மருத்துவர் தேஜ்தீப் சிங் ரத்தன் போன்றவர்கள் தாடியோடு முகமூடிச் சோதனையில் தேறினார்கள். சிறிய தலைப்பாகைக்கு மேல் தலைக்கவசமும் அணிந்தார்கள். 2015இல் இன்னொரு வழக்கில் மேலும் ஓர் உண்மை வெளியானது: தோல் பிரச்சினை போன்ற மருத்துவக் காரணங்களுக்காக 2007 முதல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களுக்கு ராணுவமே தாடி அனுமதி தந்திருந்தது. தோலுக்குத் தரும் சலுகையை மதத்துக்கு ஏன் தரக்கூடாது என்ற கேள்விக்கு ராணுவத்திடம் சரியான பதில் இல்லை.

2017இல் தரைப்படை விதி தளர்ந்தது. 2022 டிசம்பரில் கடற்படைக் காலாட்படைக்கு எதிரான வழக்கிலும் இரண்டு சீக்கிய இளைஞர்கள் நிவாரணம் பெற்றார்கள். ஆனால் 2025 செப்டம்பரில் பாதுகாப்புத் துறை தாடி விதிகளை மீண்டும் 2010க்கு முந்தைய நிலைக்கு இறுக்க உத்தரவிட்டது. கிடைத்த உரிமை நிரந்தரம் என்று யாரும் நிம்மதியாக உட்கார முடியவில்லை.

எல்லை எங்கே?

இந்தியாவில் பார்த்தால் கேள்வி தலைகீழாகிறது. 2023இல் சீக்கிய வீரர்களுக்கென்றே 12,730 குண்டு துளைக்காத தலைக்கவசங்கள் வாங்க அரசு முயன்றபோது, தலைப்பாகையே போதும் என்று அகால் தக்த் தலைமை எதிர்த்தது. தன் வீரனின் உயிரைக் காக்க அரசுக்குக் கடமை உண்டு, தன் அடையாளத்தைக் காக்க வீரனுக்கு உரிமை உண்டு. அதே இந்தியாவில், தாடி வளர்க்க அனுமதி கேட்ட ஒரு முஸ்லிம் விமானப்படை வீரரின் மனுவை 2016இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. முடி வளர்ப்பது அவருடைய மதத்தில் கட்டாயமா என்பதே அங்கே கேள்வியானது. ஆக, யார் கேட்டாலும் கிடைத்துவிடும் சலுகை அல்ல இது. விருப்பம் வேறு, கட்டாயம் வேறு என்று சட்டம் பிரித்துப் பார்க்கிறது.

நம் பிள்ளைகளுக்கு என்ன?

"பட்டாளத்துக்குப் போனா மொதல்ல முடியை ஒட்ட வெட்டிருவாங்க, விரதம் எல்லாம் இருக்க முடியாது, வேணாம்பா." இப்படிப் பேசும் அம்மாக்கள் நம் வீடுகளில் உண்டு. நாட்டின் கடற்படைக்குத் தலைமையேற்ற முதல் மலேசியர் ஒரு தமிழர் என்பதை அவர்களிடம் சொல்லுங்கள். 1967இல் கே. தனபாலசிங்கம் அந்தப் பொறுப்பை ஏற்றபோது அவருக்கு வயது 31தான்.

சீக்கியர் எண்ணிக்கையில் நம்மைவிட மிகச் சிறிய சமூகம். சீருடையா, மதமா என்று கேட்டபோது அவர்கள் ஒதுங்கிப் போகவில்லை. உள்ளே நுழைந்து, நன்றாக வேலை செய்து, பிறகு உரிமையைக் கேட்டார்கள். முகமூடி பொருந்துமா என்று கேட்டால் அணிந்து காட்டினார்கள்.

போர்ட்டிக்சனில் தரைப்படை அருங்காட்சியகம் இருக்கிறது. புதிய வீரர்களுக்கான அடிப்படைப் பயிற்சி மையமும் அங்கேதான். 1933 மார்ச் 1 அன்று மலாய் ரெஜிமெண்ட் 25 பேரோடு தொடங்கியதும் அந்த ஊரில்தான். சுற்றியிருக்கும் தோட்டங்களிலிருந்து மோட்டார் சைக்கிளில் போகிற தூரம். அடுத்த பள்ளி விடுமுறையில் கடலில் குளித்துவிட்டு வரும் வழியில் பிள்ளைகளை அருங்காட்சியகத்துக்கும் ஒரு முறை அழைத்துப் போய்வாருங்கள்.