எமுலேட்டரில் கறுப்புத் திரை ஏன்?

விளையாட்டுக் கோப்பு சரியாக இருந்தும் திரை கறுப்பாகவே நிற்கிறதா? முதலில் பயாஸைப் பாருங்கள். எடுத்துக்காட்டாக, 1994-இல் ஜப்பானில் வெளிவந்த பிளேஸ்டேஷன் விளையாட்டுக் கருவிக்குள் 512 கிலோபைட் சிப் ஒன்று உண்டு. மின்சாரம் பாய்ந்ததும் கருவியை எழுப்புவது அதிலுள்ள பயாஸ் என்ற நிரல்தான். அந்தக் கருவியைப் போலவே கணினியில் இயங்கும் பல எமுலேட்டர்கள் அந்த நிரலின் நகலைக் கேட்கின்றன.

நகல் சரியா என்று எப்படி அறிவது? அளவு 5,24,288 பைட் இருக்க வேண்டும். அது மட்டும் போதாது. உள்ளே ஒரே ஒரு பிட் மாறியிருந்தாலும் அளவு அப்படியேதான் இருக்கும். அங்கேதான் எம்டி5 கைகொடுக்கிறது. முழுக் கோப்பையும் கணக்கிட்டு 32 எழுத்துகளில் ஒரு கைரேகை தரும். ஒரு பிட் பிசகினால் கைரேகையே அடியோடு மாறிவிடும். எமுலேட்டரின் ஆவணத்தில் உள்ளதோடு அதை ஒப்பிடுங்கள்.

கைரேகை பொருந்தியும் ஓடவில்லையா? கோப்பின் பெயர் எமுலேட்டர் கேட்பதுபோலவே இருக்கிறதா என்று பாருங்கள். லினக்ஸில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. கோப்பு உரிய ஃபோல்டரில் இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

பொருந்தாத கோப்பைத் திருத்த முயல வேண்டாம். இணையத்திலிருந்து இறக்கவும் வேண்டாம்; பயாஸுக்குப் பதிப்புரிமை உண்டு. உங்கள் சொந்தக் கருவியிலிருந்தே மறுபடி நகலெடுங்கள்.