ரத்தம் தெறித்தும் நினைவில் ஒட்டாத கதைகள்

முதல் அத்தியாயத்தில் தலையில்லாத உடல். மூன்றாவதில் சூட்கேஸுக்குள் ஒரு கை. இப்படி நள்ளிரவு தாண்டியும் விளக்கை அணைக்க விடாத க்ரைம் நாவல்கள் உண்டு. இரண்டு மாதம் கழித்து, "கொலை பண்ணது யாரு?" என்று யாராவது கேட்டால் திருதிருவென விழிப்போம். பயமுறுத்துகிற விஷயம் மனசில் ஆழமாகப் பதியும் என்றுதானே கேள்விப்பட்டிருக்கிறோம்?

அது உண்மைதான். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் லாரி காஹில், ஜேம்ஸ் மெக்கா குழுவினர் 1994-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சாட்சி. ஒரே படவரிசையைக் காட்டி, ஒரு பிரிவினருக்கு ஒரு கதையும் மற்றவர்களுக்கு வேறு கதையும் சொன்னார்கள். ஒன்றில், அம்மாவும் சிறுவனும் அப்பா வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். விபரீதம் எதுவும் நடக்கவில்லை. இன்னொன்றில், போகிற வழியில் கார் மோதிச் சிறுவனின் பாதங்கள் துண்டாகின்றன, மருத்துவர்கள் ஒட்டவைக்கிறார்கள். ஒரு வாரம் கழித்து, முன்னறிவிப்பே இல்லாமல் கேள்வி கேட்டார்கள். விபத்துக் கதையைக் கேட்டவர்களுக்கு அந்தப் பகுதிதான் நன்றாக நினைவிருந்தது. ஆனால் அட்ரினலினின் வேலையைத் தடுக்கும் புரோப்ரனலால் மாத்திரையை முன்கூட்டியே சாப்பிட்டிருந்தவர்களுக்கு அந்தக் கூடுதல் நினைவு வாய்க்கவில்லை. பதறும்போது சுரக்கும் ஹார்மோன்கள் மூளையின் அமிக்டலாவை உசுப்ப, அது நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸை முடுக்கிவிடுகிறது.

பிறகு நாவல் மட்டும் ஏன் நழுவுகிறது? ஆய்வுக் கதையில் விபத்து ஒன்றே ஒன்று. அதற்கு முன்னும் பின்னும் சாதாரண சம்பவங்கள். ஜெர்மானிய உளவியலாளர் ஹெட்விக் ஃபான் ரெஸ்டார்ஃப் 1933-இலேயே இப்படித் தனித்து நிற்பதன் முக்கியத்துவத்தைக் காட்டிவிட்டார். அசைகளின் வரிசைக்கு நடுவே ஒரே ஓர் எண் வந்தால் அந்த எண் மனதில் நிற்கிறது. வரிசை முழுக்க எண்களாகவே இருந்தால் எந்த எண்ணுக்கும் அந்தச் சலுகை கிடையாது. அத்தியாயத்துக்கு ஒரு பிணம் விழும் நாவலின் கதியும் இதுதான்.

நாவல் நழுவ அடுத்த காரணம், வார்ப்பு. கேம்பிரிட்ஜில் உளவியலாளர் ஃபிரெடரிக் பார்ட்லெட், வட அமெரிக்கப் பழங்குடிக் கதை ஒன்றைப் படிக்கக் கொடுத்துத் திரும்பச் சொல்லவைத்தார். பழக்கமில்லாத விவரங்கள் பழகியவையாக மாறின: சீல் வேட்டை, மீன்பிடிப்பு ஆனது. 1932-இல் அவர் எழுதிய நூலின் சாரம், மனம் எதையும் தனக்குத் தெரிந்த அச்சில் வார்த்துத்தான் வைத்துக்கொள்கிறது என்பதே. குடும்பத்தைப் பிரிந்த துப்பறிவாளர், முதலில் சிக்கும் அப்பாவி, கடைசியில் பக்கத்திலேயே இருந்த கொலையாளி என்று ஒரே அச்சில் வந்த பத்து நாவல்கள் நினைவில் ஒன்றோடொன்று கலந்துவிடுவதில் ஆச்சரியமில்லை.

கோரத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. அது கவனத்தை மொத்தமாகத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ் குழுவினர் 1987-இல் வெளியிட்ட சோதனையில், ஓர் உணவகக் கல்லாவில் ஒருவர் துப்பாக்கியை நீட்டும் படங்களைச் சிலரும், அதே ஆள் காசோலையை நீட்டும் படங்களைச் சிலரும் பார்த்தார்கள். கண்கள் காசோலையைவிடத் துப்பாக்கியையே அதிகம் மொய்த்தன. துப்பாக்கியைப் பார்த்தவர்களால், காசோலையைப் பார்த்தவர்கள் அளவுக்கு அந்த ஆளைச் சரியாக அடையாளம் காட்ட முடியவில்லை. வாசிப்பிலும் இதுவே நடக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. கத்தி தங்குகிறது, குத்துப்பட்டவர் போய்விடுகிறார்.

ஒரே மூச்சில் படிப்பதும் மறதிக்குத் துணைபோகலாம். மெல்பர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் தொலைக்காட்சித் தொடரை வைத்துச் சோதித்தபோது, ஒரே அமர்வில் பார்த்து முடித்தவர்களுக்கு மறுநாள் நினைவு பலமாக இருந்தது. ஆனால் வாரத்துக்கு ஒரு பகுதி பார்த்தவர்களின் நினைவைவிட அது வேகமாக மங்கியது. எனவே த்ரில்லரையும் விட்டு விட்டுப் படிக்கலாம். முடித்ததும் கதையை யாருக்காவது சொல்லிப் பார்க்கலாம். மறுபடி படிப்பதைவிட, நினைவிலிருந்து எடுத்துச் சொல்வதே நீண்ட நாள் நிற்கும் என்று உளவியலாளர்கள் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006-இல் காட்டினார்கள்.

ஆனால் முழுப் பொறுப்பையும் வாசகர் தலையில் கட்டுவது நியாயமில்லை. காஹிலின் கதையில் அடிபட்டவன், அம்மாவோடு அப்பாவைப் பார்க்கக் கிளம்பிய பிள்ளை என்று நமக்குத் தெரியும். கொன்ற விதத்துக்குப் பத்துப் பக்கம் ஒதுக்கும் நாவலாசிரியர், செத்தவருக்கு ஒரு பக்கமாவது ஒதுக்க வேண்டும். அவர் யார், அவர் போனதால் யாருடைய வாழ்க்கை என்ன ஆனது என்று எழுதத் தெரிந்தவருக்கு ஒரு கொலையே போதும்.