விளம்பரமும் பிரசித்தமும்

ஒரு செய்தியைப் பலரறியச் சொல்லுதல் வேறு. அது பலராலும் அறியப்பட்டு நிற்றல் வேறு. தமிழ் வழக்கு இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டும். ‘விளம்பு’ என்னும் வினை சொல்லுதலைக் குறிப்பது. அதனோடு இயைந்த ‘விளம்பரம்’ சொல்லுவோன் செயலை உணர்த்தும். ‘பிரசித்தம்’ என்னும் வடசொல்லோ கேட்டோரிடத்து விளைந்த நிலையை உணர்த்தும். ஈழத்தில் வழங்கும் ‘பிரசித்த நொத்தாரிசு’ என்னும் தொடரில் அச்சொல் ‘பொது’ என்ற பொருளையும் ஏற்றுள்ளது.

‘பறை’ என்பது இசைக்கருவிக்குப் பெயராதலோடு சொல்லுதலையும் குறிக்கும். யாழ்ப்பாணப் பேச்சில் ‘பறைதல்’ பேசுதலேயாகும். மணிமேகலையின் விழாவறை காதையில், யானைமீது ஏற்றிய முரசினை அறைந்து இந்திரவிழா அறிவிக்கப்படுகின்றது. இவை அறிவிப்போன் விரும்பிச் செய்வன. விரும்பாமலே ஊரிற் பரவும் களவொழுக்கப் பேச்சினை அகநூலார் அரும்பிய நிலையில் ‘அம்பல்’ என்றும், விரிந்த நிலையில் ‘அலர்’ என்றும் வழங்கினர். திருக்குறளில் ‘புகழ்’ 24ஆம் அதிகாரமாக அறத்துப்பாலிலும், ‘அலரறிவுறுத்தல்’ 115ஆம் அதிகாரமாகக் காமத்துப்பாலிலும் அமைந்துள்ளன. பலர் வாய்ப்படுவதெல்லாம் புகழன்று என்பது இதனாற் பெறப்படும்.

இவ்வேறுபாட்டின் பயனை மன்னார்க் கடலின் முத்துச் சலாப வரலாற்றிற் காணலாம். பிரித்தானியர் ஆட்சியில் அதிகாரிகள் முதலில் சிப்பிப் பார்களைச் சோதித்தனர். சில ஆயிரம் சிப்பிகளை எடுத்து, அவற்றின் முத்துக்களை மதிப்பிட்டனர். பயன் தெளிவாயின் மாத்திரமே குளிப்பு நடைபெறும் நாளும் இடமும் விளம்பரப்படுத்தப்பட்டன. அவ்விளம்பரத்தை நம்பிக் கீழக்கரையிலிருந்தும் அரபு நாட்டுக் கரைகளிலிருந்தும் குளியாட்களும் வணிகரும் கடல் கடந்து வந்தனர். ஆளரவமற்ற மரிச்சுக்கட்டி மணற்கரை சில வாரங்களுக்குப் பெரும் பட்டினமாயிற்று. குளியாட்கள் பெற்ற கூலி சிப்பியில் மூன்றிலொரு பங்கே. ஆதலின் அறிவித்தல் பொய்ப்பின் முதலில் வெறுங்கையாய் நிற்போர் அவரே. அரசாங்கத்தின் பங்கு ஏலங்கூறி விற்கப்பட்டது. ‘ஏலங்கூறல்’ என்பதும் பலரறியச் சொல்லுதலே.

1905ஆம் ஆண்டுச் சலாபத்தில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அதன் பிரசித்தம் உச்சியில் நின்ற வேளையில், 1906இல் இலண்டன் கம்பெனியொன்று பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. 1907க்குப் பின்னர்ப் பார்கள் வறிதாயின. 1912இல் கம்பெனி கலைந்தது.

முந்திய ஆண்டின் பிரசித்தம் அடுத்த ஆண்டின் சிப்பிக்குச் சான்றாகாது. கடலடியிலிருந்து எடுத்துச் சோதித்த சிப்பியே விளம்பரத்துக்கு உரிய சான்று. பிறர் தம் உழைப்பையும் பொருளையும் ஒரு சொல்லை நம்பி ஒப்படைப்பராதலின், பலரறிய விளம்புவோன் முன்னர்த் தான் ஆராய்ந்தறிதல் கடனாகும்.