மரக்கிளை இறக்கும் கயிறுகளும் உராய்வுக் கருவிகளும்

மரக்கிளை இறக்குதல் என்பது, வெட்டப்படும் கிளையைத் தரையில் நேரே விழவிடாமல் கயிற்றில் கட்டி, வேகத்தைக் கட்டுப்படுத்திக் கீழே கொண்டுவரும் முறையாகும். வீட்டுக் கூரை, மின்கம்பி, சாலை, கோயில் மதில் ஆகியவற்றின் மேல் கிளைகள் கவிந்திருக்கும் இடங்களில் இம்முறை தேவைப்படுகிறது. வடகிழக்குப் பருவமழையையும் புயலையும் எதிர்கொள்ளும் இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் வேம்பு, புளி, ஆல், பூவரசு போன்ற மரங்களின் ஆபத்தான கிளைகளை மழைக்காலத்துக்கு முன்பே கழிப்பது நல்லது.

கிளையின் எடை

கயிற்றைத் தேர்வதற்கு முன் கிளையின் எடையைக் கணிக்க வேண்டும். 30 செ.மீ. விட்டமும் 2 மீட்டர் நீளமும் கொண்ட துண்டின் கன அளவு ஏறத்தாழ 0.14 கனமீட்டர். பச்சை மரத்தின் எடையைக் கனமீட்டருக்கு 1,000 கிலோ எனக் கொண்டால், அத்துண்டு 140 கிலோ இருக்கும். இலைகளும் சிறுகிளைகளும் இருந்தால் எடை இன்னும் கூடும்.

கயிறு வகைகள்

தென்னை நார்க்கயிறு கடல்நீரைத் தாங்கினாலும், அதே பருமனுள்ள செயற்கைக் கயிற்றைவிட வலுக் குறைந்தது. மீன்பிடித் தொழிலில் பெரிதும் பயன்படும் பாலிபுரோப்பிலீன் கயிறு கரையோர ஊர்களில் எளிதாகக் கிடைக்கிறது. அது நீரில் மிதக்கும், விலையும் குறைவு. ஆனால் ஏறத்தாழ 165 பாகை செல்சியசில் உருகிவிடும். பாரத்துடன் வேகமாக ஓடும் கயிற்றில் உராய்வினால் உண்டாகும் வெப்பம் அதன் மேற்பரப்பை இளக்கி ஒட்டச்செய்யும். படகில் நன்றாக உழைக்கும் கயிறு மரத்தில் ஏமாற்றுவதற்கு இதுவே காரணம். வெயிலில் நெடுநாள் கிடந்த கயிறு புற ஊதாக் கதிர்களால் நொறுங்கும் தன்மை அடைவதால், பழைய படகுக் கயிற்றைக் கிளை இறக்கப் பயன்படுத்தக் கூடாது.

நைலான் நன்றாக நீண்டு அதிர்ச்சியைத் தாங்கும். எனினும் நனைந்தால் வலுவில் ஒரு பகுதியை இழக்கும்; நீளும் அளவுக்குக் கிளையும் கூடுதலாகத் தாழும். பாலியெஸ்டர் குறைவாகவே நீளும், நனைந்தாலும் வலு பெரிதாகக் குறையாது, 250 பாகைக்கு மேல்தான் உருகும். எனவே பின்னப்பட்ட பாலியெஸ்டர் கயிறே இப்பணிக்குப் பெரிதும் விரும்பப்படுகிறது.

உராய்வின் பங்கு

துறைமுகத்தில் படகுக் கயிற்றைக் கட்டுத்தூணில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றினால், ஒருவர் கைப்பிடியில் பெரும் படகு நிற்கும். கிளை இறக்கும் கருவியும் இதே விதியில் இயங்குகிறது. சுற்றுகள் கூடக்கூட, பிடிக்க வேண்டிய விசை மடங்கு மடங்காகக் குறையும். உராய்வுக் குணகம் 0.2 எனில், ஒரு முழுச் சுற்றில் விசை ஏறத்தாழ மூன்றரையில் ஒரு பங்காகும். இரண்டு சுற்றில் பன்னிரண்டில் ஒரு பங்கு. மூன்று சுற்றில் நாற்பத்து மூன்றில் ஒரு பங்கு. 140 கிலோ துண்டை இரண்டு சுற்றில் பிடிக்க ஏறத்தாழ 11 கிலோ விசை போதும்.

அடிமரத்திலேயே கயிற்றைச் சுற்றுவது பழைய முறை. பட்டையின் சொரசொரப்பு, ஈரம், பிசின் ஆகியவற்றால் உராய்வு ஒரே அளவில் இராது. கயிறும் பட்டையும் தேயும். அடிமரத்தில் பட்டைக்கயிற்றால் கட்டப்படும் 'போர்ட்டா ராப்' போன்ற உலோகக் குழாய்க் கருவிகளில் பிடிப்பு சீராக இருக்கும். சுற்றுகளை எளிதில் கூட்டலாம், குறைக்கலாம். கடற்கரையில் எஃகுக் கருவிகள் விரைவில் துருப்பிடிப்பதால், வேலை முடிந்ததும் நன்னீரில் கழுவி உலர்த்த வேண்டும்.

அதிர்ச்சிச் சுமை

மேலே கப்பியைப் பொருத்தினால், அது கட்டப்பட்ட கிளையின் மீது துண்டின் எடையைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு சுமை விழும். துண்டு விழுந்து திடீரென நிறுத்தப்பட்டால் சுமை மேலும் பெருகும். 140 கிலோ துண்டு 2 மீட்டர் விழுந்து, கயிறு அரை மீட்டர் நீண்டு நின்றால், கயிற்றின் உச்ச இழுவிசை எடையைப் போல் பத்து மடங்கு, அதாவது 1,400 கிலோ வரை எழும். கப்பிக் கட்டில் அது 2,800 கிலோவை நெருங்கும். அதே துண்டைக் கருவி வழியே 2 மீட்டர் ஓடவிட்டுச் சீராக நிறுத்தினால் இழுவிசை இரு மடங்கில் அடங்கும்.

தூக்கும் எடை கயிற்றின் அறுவலுவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது பரவலான நடைமுறை. முடிச்சு கயிற்றின் வலுவைக் கணிசமாகக் குறைக்கக்கூடும். ஆகவே 1,400 கிலோ அறுவலுவுள்ள கயிறு கணக்குப்படி 140 கிலோவுக்குப் போதுமெனத் தோன்றினாலும், மேற்கூறிய திடீர் நிறுத்தத்தில் அறுந்துவிடும். பருமனான கயிற்றைத் தேர்வதோடு, துண்டைச் சிறிதாக வெட்டுவதும், கயிற்றை ஓடவிட்டு நிறுத்துவதும் வேண்டும்.

பாதுகாப்பு

மின்கம்பிக்கு அருகில் வேலை தொடங்குமுன் மின்வாரியத்தார் மின்சாரத்தைத் துண்டித்ததை உறுதிசெய்ய வேண்டும். உப்பும் ஈரமும் ஏறிய கயிறு மின்சாரத்தைக் கடத்தும். கயிறு பிடிப்பவர் துண்டு இறங்கும் இடத்துக்கு வெளியே நிற்க வேண்டும். கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ சுற்றிக்கொள்ளக் கூடாது. ஏறுபவரின் உயிர்க்கயிற்றைக் கிளை இறக்கவும், கிளை இறக்கிய கயிற்றை ஆள் ஏறவும் ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது.